ஐந்து மணி அரிப்பு

சரியாக மாலை ஐந்துக்குச் சுலோச்சனாவின் முழங்கால் மடிப்பு அரித்தது. ஈரோட்டுப் பேருந்தில் நின்றபடியே மறுகாலால் தேய்த்துக்கொண்டு சிரித்தாள். புனேயின் நீச்சல் விடுதிப் பள்ளியில் மகள் தன்யா குளத்தில் இறங்கிவிட்டாள்.

தன்யாவுக்கு ஆறாம் மாதத்திலிருந்தே கரப்பான் என்னும் தோல்நோய்; தண்ணீர் பட்டாலே அரிக்கும். குழந்தைக் கரப்பான் ஆய்வகம் முப்பதாண்டுகள் கருத்தரங்கு நடத்தி, கடைசியில் நமைச்சல்மாற்றியைக் கண்டுபிடித்திருந்தது. பிள்ளையின் பிடரியில் ஒரு சில்லு, தாயின் பிடரியில் ஒரு சில்லு. பிள்ளையின் அரிப்பு தாய்க்குப் போய்விடும். சொறியாத தோல் தானாக ஆறும். அம்மாக்கள் சொறிந்தார்கள், ஆய்வகம் விருது வாங்கியது.

விடுதியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் பேசலாம். அதிலும் தன்யா "ம்", "சரிம்மா" என்று முடித்துவிடுவாள். பிள்ளையின் மிச்ச சேதியெல்லாம் அரிப்பு வழியாகத்தான் வந்தது.

அப்போதுதான் விளையாட்டு ஆணையம் விழித்துக்கொண்டது. வீராங்கனையின் அவஸ்தையை இன்னொரு உடம்பு சுமப்பது மோசடியாம். ஊக்கமருந்துப் பட்டியலில் அம்மாவும் சேர்க்கப்பட்டாள். நல்லவேளையாக ஆய்வகத்தில் அரிப்பையே ஒழிக்கும் ஊசி தயாராக இருந்தது. பிள்ளைக்குப் போட்டால் தாயோடான இணைப்பும் அறுந்துவிடும்.

"வாழ்த்துகள், அம்மையீர்! உலகத் தரத்தில் விடுதலை அடைகிறீர்கள்," என்று படிவத்தை நீட்டினார் ஆய்வக இயக்குநர் அரங்கண்ணல்.

"அரிப்பு போயிட்டா, புள்ள தண்ணியில எறங்குனது எனக்கு எப்படிங்க தெரியும்?"

அவர் கண்ணாடியைத் துடைத்தார். "அது எங்கள் ஆய்வு வரம்புக்குள் வராது."

தேசியப் போட்டிக்கு ஒரு மாதமே இருந்தது. கையெழுத்துப் போட்டாள்.

புனேயில் தன்யாவுக்கு ஊசி போட்ட அன்று ஐந்து மணி வந்தது. கால் சும்மா இருந்தது. ஆறு மணிக்குத் தொலைபேசி அடித்தது. ஞாயிறுகூட இல்லை.

"அம்மா, இன்னிக்கும் உனக்கு அரிச்சுதா?"

"ஏங்கண்ணு?"

"எறங்குனதும் உனக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சுட்டுத்தான் நீந்துவேன். இன்னிக்குப் பயமா இருந்துச்சும்மா. கடைசியா வந்தேன்."

"அரிச்சுது சாமி. நல்லாவே அரிச்சுது."

"ஐ! நெசமாவா?"

மறுநாள் பயிற்சியில் தன்யா முதலாவதாக வந்தாள். வந்த குஷியில், அம்மாவுக்கு இன்னும் அரிக்கிறதென்று எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். ஊசி போட்ட மற்ற பிள்ளைகளும் அதையே சொன்னார்கள்; ஒவ்வொருத்தியின் அம்மாவும் அரித்ததாகத்தான் சொல்லியிருந்தாள். ஊசி தோற்றதென்று ஆய்வகம் அலறியது. போட்டிப் பட்டியலிலிருந்து பிள்ளைகளின் பெயர்களை அடிக்கப்போவதாக ஆணையம் மிரட்டியது.

இயக்குநர் சுலோச்சனாவைத் தொலைபேசியில் கூப்பிட்டார். அதே இணைப்பில் புனேயிலிருந்து பயிற்சியாளரும் தன்யாவும் இருந்தார்கள்.

"அறிவியலுக்கு உண்மை வேண்டும், அம்மையீர். அரிக்கிறதா, இல்லையா?"

சுலோச்சனா முழங்கால் மடிப்பைத் தடவிப் பார்த்தாள்.

"இல்லைங்க. அன்னிக்கிருந்தே ஒண்ணும் தெரியல."

"அருமை! மகளின் பெயர் போட்டிப் பட்டியலில் நீடிக்கும்," என்று இயக்குநர் கைதட்டினார்.

"கண்ணு..." என்றாள் சுலோச்சனா.

"ம்," என்றது புனே. "சரிம்மா."