நாலு தொட்டி இருந்தாலும் வருவோம்

வாண்டுவின் அம்மாவுக்குச் செடி என்றால் உயிர். வாண்டுவுக்கு அம்மா என்றால் உயிர். சிக்கல் என்னவென்றால், செடிகள் ஓர் ஊரில் இருந்தன. வாண்டு வேறோர் ஊரில் இருந்தாள்.

முன்பெல்லாம் அம்மா இதே ஊரில்தான் வீடு வீடாகப் போய்த் தோட்ட வேலை செய்தாள். மண் மாற்றுவாள், கிளை வெட்டுவாள், பூச்சி விரட்டுவாள். பிறகு இரண்டு வீட்டுக்காரர்கள் ஊர் மாறிப் போனார்கள். இன்னொருவர் கார் நிறுத்துவதற்காகத் தோட்டத்தின் மேல் சிமென்ட் போட்டுவிட்டார். வேலை தேய்ந்துகொண்டே வந்தது. கடைசியில் அம்மா, ரயிலில் ஆறு மணி நேரம் போக வேண்டிய பெரிய நாற்றுப்பண்ணை ஒன்றில் சேர்ந்தாள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வர முடிந்தது.

பள்ளியிலிருந்து வந்ததும் வாண்டு, "அம்மா!" என்று ஒருமுறை கூப்பிட்டுப் பார்ப்பாள். பதில் வராது என்று தெரியும். ஆனாலும் வாய் கேட்காது.

ஒரு நாள் அம்மா போனில் சொன்னாள். "செல்லம், ஒரு வருஷம் இங்கேயே வேலை செய்யறேன்னு கையெழுத்துப் போடச் சொல்றாங்க. மாசக் கடைசி வரைக்கும் டைம் கேட்டிருக்கேன்."

"போடாதம்மா!"

"நம்ம ஊர்லயே ஒரு பத்து வீடு கிடைச்சா நான் ஏன் இங்க இருக்கப் போறேன்?"

அன்று வாண்டுவுக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா சமைத்தது என்பதும் ஒரு காரணம்தான்.

"இதுக்கா கவலைப்படறே?" என்றார் சித்தப்பா. அவர் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். "இணையத்துல ஒரு விளம்பரம் போட்டா ஆளுங்க ஓடி வருவாங்க பாரு!"

சொன்னபடியே போட்டார். படத்தின் நடுவில் பளிங்கு நீரூற்று, சுற்றிலும் பச்சைக் கம்பளம் போலப் புல்வெளி. 'உலகத் தரத்தில் பசுமைப் புரட்சி!' என்று தங்க நிறத்தில் எழுத்து.

"இது யார் தோட்டம், சித்தப்பா?" என்று கேட்டாள் வாண்டு.

"யாருக்குத் தெரியும்? இணையத்துல கிடந்துச்சு, எடுத்தேன்."

போன் வந்தது. முதல் ஆள், "அரண்மனை மாதிரி ஃபவுண்டன் கட்டித் தருவீங்களா?" என்று கேட்டார். இரண்டாவது ஆள் இருந்த ஊருக்கு ரயிலில் போகவே இரண்டு நாள் ஆகும். அப்பா பேருந்து ஓட்டுநர். "அவ்வளவு தூரத்துக்கு நானே பஸ்ஸை ஓட்டினதில்லையேப்பா!" என்று தலையைச் சொறிந்தார்.

ஒரு வாரம் போயிற்று. பக்கத்துத் தெருவிலிருந்து ஒருவர்கூடக் கூப்பிடவில்லை.

வாண்டுவின் சீருடையில் ஒரு பொத்தான் பிய்ந்துவிட்டது. அம்மா இருந்திருந்தால் ஒரு நிமிட வேலை. வாண்டு அதை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவில் இருந்த தையல்கார அக்காவிடம் போனாள். கடை வாசலில் நான்கு தொட்டிகள் இருந்தன. நான்கிலும் இலைகள் மஞ்சளாகித் தொங்கின.

"அக்கா, இந்தச் செடிங்களுக்கு என்ன ஆச்சு?"

"என்னமோ போ, தண்ணி ஊத்தறேன், வாடுது. ஊத்தலைன்னாலும் வாடுது. யாராவது தெரிஞ்சவங்க வந்து பார்த்தா நல்லாயிருக்கும்." அக்கா பல்லால் நூலைக் கடித்தாள். "போன்ல ஒரு விளம்பரம் வந்துச்சு. ஃபவுண்டன் எல்லாம் போட்டு, பெரிய கம்பெனி. நம்ம நாலு தொட்டிக்கு அவங்க வருவாங்களா?"

வாண்டுவின் கண்கள் விரிந்தன.

"அக்கா, அது எங்க அம்மாதான்!"

"விளையாடாதே! உங்க அம்மாகிட்ட ஏது ஃபவுண்டன்?"

வாண்டு பதில் சொல்ல நிற்கவில்லை. பொத்தானை மறந்து சித்தப்பாவின் கடைக்கு ஓடினாள்.

"சித்தப்பா, அந்தப் படத்தைத் தூக்குங்க. அதைப் பார்த்து நம்ம தெருக்காரங்களே பயப்படறாங்க!"

அவளுக்குப் பிடித்த படம் அப்பாவின் போனில் இருந்தது. அம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு நாற்றை நடுகிறாள். சிரிக்கிறாள். மூக்கு நுனியில் மண்.

"மூக்குல மண்ணோடவா? மானம் போயிடும்!" என்றார் சித்தப்பா.

"அம்மாகிட்டயே கேட்கலாம்."

போனில் அனுப்பிய படத்தைப் பார்த்த அம்மா, "ஐயையோ, இதா?" என்று சிரித்தாள். "உனக்குப் பிடிச்சிருந்தா போடு."

விளம்பர வாசகத்தை வாண்டுவே எழுதினாள். 'இவர் எங்கள் அம்மா. செடி வாடினால் காரணம் கண்டுபிடிப்பார். நாலு தொட்டி இருந்தாலும் வருவோம்.'

"நாடு முழுக்கத் தெரியற மாதிரி வச்சுடட்டுமா?" என்று கேட்டார் சித்தப்பா.

"நாடு எதுக்கு சித்தப்பா? அம்மா சைக்கிள்ல போற தூரம் போதும்."

சித்தப்பா அவளை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு அப்படியே மாற்றினார்.

முதல் நாள் ஒருவரும் கூப்பிடவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. வாண்டு போனையே பார்த்துக்கொண்டிருந்ததில் கணக்குப் பாடம் எல்லாம் தப்பு. மூன்றாம் நாள் மாலை போன் அடித்தது.

"நாலு தொட்டிக்கு நிஜமாவே வருவீங்களா?" தையல்கார அக்காவேதான். "அப்புறம் உன் பொத்தான் இங்கேயே கிடக்கு!"

அடுத்து பல் மருத்துவர். பிறகு மாடியில் தக்காளி வளர்க்கப் பார்த்துத் தோற்றுப்போன ஒரு தாத்தா. மாதக் கடைசி நாளன்று வாண்டு பட்டியலை மூன்று முறை எண்ணினாள். ஒன்பதுதான் வந்தது.

"ஒன்பதுதாம்மா," என்றாள் போனில். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "இன்னும் ஒண்ணு குறையுது."



"அந்தப் பத்தாவது வீட்டை நான் வந்து தேடிக்கறேன், செல்லம்," என்றாள் அம்மா.

நான்கு நாள் கழித்து வாண்டு பள்ளியிலிருந்து வந்துகொண்டிருந்தாள். தெருமுனையிலேயே ஒரு குரல் கேட்டது. "இப்படியா துணி காயப்போடுவாங்க? பாத்திரத்துல இது என்ன கரி? பெரியவங்க ரெண்டு பேரு இருந்து என்ன பிரயோஜனம்?" அப்பாவும் சித்தப்பாவும் வரிசையாக வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

தனக்கும் கொஞ்சம் திட்டு மிச்சம் இருக்க வேண்டுமே என்று வாண்டு ஓடத் தொடங்கினாள்.