முக்கில் நிற்கிறவன்

முதல் முக்கில் நின்ற ரெனில், பிரசீதாவைப் பார்த்த பிறகும் கிளம்பவில்லை.

முக்கில் நிற்பவனுக்கு மூளை தேவையில்லை. தோட்டப் பாதை பிரியும் இடத்தில் பைக்கை ஓரங்கட்டிவிட்டு, போக வேண்டிய பக்கம் கையை நீட்டி நிற்க வேண்டும். மற்றவர்கள் கடந்து போவார்கள். கடைசியில் பச்சை ஜாக்கெட் வரும். அதைக் கண்டதும் அதற்கு முன்னால் கிளம்பிவிட வேண்டும். இப்படிச் செய்தால் யாரும் தோட்டத்தில் விடுபடுவதில்லை. இன்றைய ஒத்திகையில் பச்சை ஜாக்கெட் பிரசீதாவுடையது.

"என்னலே, போஸ் குடுக்கியா? கிளம்பு."

ரெனில் அவள் தோளுக்கு மேலாகப் பார்த்தான். "சேச்சி, பொறத்த ஒரு வண்டி உண்டு."

"எனக்க பொறத்த ஆரும் இல்ல. நான்தான் கடைசி ஆக்கும்."

"லைட்டு கண்டேனே."

"ஹெல்மெட்டுல விலை ஸ்டிக்கர இன்னும் உரிக்கல்ல நீ. அதுதான் மின்னுது. போ."

அவன் போனான். போகும்போதும் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தான்.

நாளை காட்டாக்கடையிலிருந்து புது ஆட்கள் வருகிறார்கள். அவர்களைப் பத்திரமாகக் கூட்டிப் போவதற்குத்தான் இன்று மாலை இந்தக் கூத்து. எல்லாம் சத்தியராஜின் ஏற்பாடு. அவர் பாறசாலையில் ஹெல்மெட் கடை வைத்திருக்கிறார். கழுத்தில் விசில், முதுகில் முதலுதவிப் பை. களியக்காவிளை வளைவில் ஒரு மாட்டைப் பார்த்து பயந்து விழுந்தவர், மலைப்பாதையில் விழாமல் இருப்பது எப்படி என்று வகுப்பெடுக்கிறார். முழங்கால் கவசம் மாட்டிய பையன்கள் தலையாட்டுகிறார்கள். பிரசீதா நெய்யாற்றின்கரையில் டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுப்பவள். கிளட்சைக் கண்டு நடுங்கும் கால்களை தினமும் பார்க்கிறாள். இவர்களுடையவையும் அதே கால்கள்தான், விலை கூடிய பூட்ஸுக்குள்.

தம்பி அஸ்வந்த் அவர்களில் மோசம். விதி என்றால் வேதம் அவனுக்கு. தனுவச்சபுரத்தில் கல்லூரிக்கு பஸ்ஸில் போகிறவன், அக்காவின் பழைய வண்டியை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான். அம்மாவுக்கு விருப்பமே இல்லை. "நீ அவனுக்கு பொறத்த வருவேன்னா மட்டும் விடுதேன்" என்றாள். அதற்காகவே பிரசீதா இந்தப் பச்சைத் துணியைப் போட்டுக்கொண்டாள்.

ரப்பர் தோட்டத்துக்குள் வெளிச்சம் சீக்கிரமே வடிந்துவிடும். மேலே வானம் இன்னும் வெளுத்துக் கிடக்க, கீழே பால்வெட்டு நனையாதிருக்க மரங்களின் இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் பாவாடைகளில் மழைநீர் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. சிரட்டைகளில் உறைந்த ஒட்டுப்பாலின் புளித்த நாற்றம் ஹெல்மெட்டுக்குள் ஏறி நாக்கில் படிந்தது. செம்மண் வழுக்கியது. அவள் மெதுவாகவே போனாள்.

பக்கக் கண்ணாடியில் ஒரு வெளிச்சம்.

தூரத்தில், மரங்களுக்கிடையே, மறைந்து மறைந்து தெரிந்தது. தோட்டக்காரன் எவனாவது இருப்பான். அவள் வண்டியை நிறுத்தினாள். வெளிச்சம் நின்றது. எஞ்சினை அணைத்துக் காது கொடுத்தாள். பிளாஸ்டிக்கில் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. கிளம்பினாள். அதுவும் கிளம்பியது. இடையில் இருந்த தூரம் மாறவே இல்லை. நன்றாக ஓட்டுகிறான் என்று தோன்றியது. இந்தக் கூட்டத்தில் அப்படி ஓட்டுபவன் யாருமில்லை.

கடைசி முக்கில் அஸ்வந்த் நின்றான். இடப்பக்கம் மேட்டுக்கு ஏறும் பாதை. வலப்பக்கம் கைவிட்ட குவாரி, விளிம்புவரை தண்ணீர். அவன் கை மேட்டைக் காட்டியது.

"போலே மக்கா. முடிஞ்சுது."

"கடைசி ஆளு வரட்டும் அக்கா."

"நான் ஆருலே?"

"உனக்க பொறத்த வருதுல்லா."

"எவனோ வீட்டுக்குப் போறான். கிளம்பு."

"கடைசி ஆளு வராம அனங்கப்பிடாதுன்னு சொல்லியிருக்கு." குரலில் பிடிவாதம் கூட இல்லை. பாடம் ஒப்பிப்பது போல இருந்தது.

அவளுக்கு எரிச்சல் மூண்டது. "நில்லு, அப்போ. சத்தியராஜ்கிட்ட சொல்லி சிலை வைக்கச் சொல்லுதேன்." அவனைக் கடந்து மேட்டுக்கு ஏறினாள். பச்சை ஜாக்கெட் ஒருவனை விட்டு முன்னால் போகக் கூடாது. தெரிந்தேதான் போனாள்.

மேட்டில் எல்லோரும் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். சத்தியராஜ் தலைகளைப் பார்த்தார்.

"அஸ்வந்த் எங்க?"

"வாறான்."

"வாறானா? நீ கடைசி ஆளுல்லா. அவன் உனக்க பொறத்த எப்பிடி வருவான்?"

"எனக்க பொறத்த ஒரு வண்டி வருதாம். அது வந்தாத்தான் துரை அனங்குவாராம்."

யாராவது சிரிப்பார்கள் என்று நினைத்தாள். ரெனில் தம்ளரைக் கீழே வைத்தான். "நானும் கண்டேன்" என்றான். "ஆனா சேச்சி, அந்த வண்டிக்கு சத்தம் இல்ல."

சத்தியராஜ் விசிலை ஊதினார். முக்கில் நிற்பவனிடமும் ஒரு விசில் உண்டு; கீழேயிருந்து பதில் வர வேண்டும். வரவில்லை. மறுபடி ஊதினார். அந்த அபத்தமான சத்தம் மரங்களுக்குள் போய்த் தொலைந்தது. அவர் ஹெல்மெட்டைத் தேடுவதற்குள் பிரசீதா வண்டியைத் திருப்பியிருந்தாள். அம்மாவின் முகம் வந்தது. அதைத் தள்ளினாள்.

இறக்கத்தில் எதிரே யாரும் வரவில்லை. சேற்றில் அவள் ஏறிய தடம்தான் மற்றத் தடங்களுக்கு மேலாக இருந்தது. அதை எதுவும் மிதித்திருக்கவில்லை.

அஸ்வந்த் அதே இடத்தில் நின்றான்.

கை நீட்டியிருந்தது. மேட்டை அல்ல. குவாரியை.

"எலே. அது வழி இல்ல."

அவள் இறங்கி, அவன் முழங்கையைப் பற்றிக் கீழே இழுத்தாள். கை அசையவில்லை. சட்டை நனைந்திருந்தது. மழையின் ஈரமல்ல. பிழிந்தால் வடியும் ஈரம். பாசி நாற்றம்.

"அஸ்வந்தே. அம்மா தேடுவா. வா."

"இன்னா, கடைசி ஆளு வந்தாச்சு" என்றான். முகக் கண்ணாடிக்குள்ளிருந்து, சந்தோஷமாக.

தோட்டப் பாதையில் வெளிச்சம் வந்தது. மறைந்து மறைந்து அல்ல. நேராக. எஞ்சின் சத்தம் இல்லை. டயர் சத்தம் இல்லை. பிளாஸ்டிக்கில் சொட்டுவதும் நின்றிருந்தது.

அவன் கையை இறக்கினான். வண்டியை உதைத்தான். பயின்றபடியே, அழகாக, கடைசி ஆளுக்கு முன்னால் கிளம்பினான்.

குவாரிப் பக்கம்.

அவள் அவன் சட்டையைப் பிடித்தாள். துணி வழுக்கியது. ஓடினாள். விளிம்பில் அவன் பிரேக்கைத் தொடவில்லை. தண்ணீர் தெறிக்கவில்லை. சத்தமே இல்லை. பின்விளக்கு சிவப்பாக உள்ளே இறங்கியது. அணையவில்லை. இறங்கிக்கொண்டே இருந்தது.

அதற்குக் கீழே இன்னொரு சிவப்பு.

அதற்கும் கீழே. அதற்கும் கீழே. சீரான இடைவெளி விட்டு, வளைந்து வளைந்து, பாதை ஒன்று இருப்பது போல.

அவள் கத்தினாள். மேட்டிலிருந்து விசில் கேட்டது. வெகு தூரத்தில் எங்கோ.

முதுகில் வெளிச்சம் விழுந்தது. அவள் நிழல் தண்ணீரின் மேல் நீண்டது. வெளிச்சம் முக்குக்கு வந்து, மரியாதையான தூரத்தில் நின்றது. நெருங்கவில்லை. அவசரப்படுத்தவும் இல்லை.

தண்ணீருக்கடியில் சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாக நின்றன. கடைசியாக அஸ்வந்தின் விளக்கு.

முக்கில் நிற்க இப்போது அவள் மட்டும்தான் இருந்தாள். அவள் கிளம்பட்டும் என்று கீழேயும் பின்னாலும் எல்லோரும் காத்திருந்தார்கள்.