மஞ்சள் ஈரல்

கிறிஸ்துமஸ் காலை. மைசூரில் சகாயமேரியின் வீட்டுச் சமையலறையில் அம்மா கோழி அரிந்துகொண்டிருந்தாள். கோழி அடித்தால் ஈரல் சகாயமேரிக்குத்தான். ஆனால் இன்று அது கருஞ்சிவப்பாக இல்லை. மஞ்சளாக இருந்தது.

பள்ளி ஆசிரியரான அப்பா மதலைமுத்து எட்டிப் பார்த்தார். "சீக்குக் கோழி! சித்தம்மா நம்மை ஏமாத்திட்டா!"

அப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். உடனே வெளியே போய், "சித்தம்மாகிட்ட கோழி வாங்காதீங்க" என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தார்.

சித்தம்மா கோழி விற்பதற்காகக் கொள்ளேகாலிலிருந்து கூடையோடு பஸ்ஸில் வந்தவள். கூடையில் இன்னும் ஆறு கோழிகள் இருந்தன. விஷயம் கேட்டதும் ஓடி வந்தாள்.

"சீக்குக் கோழியை விப்பனுங்களா மேஷ்ட்ரே? நேத்துக்கூட அது முட்டை வெச்சுதுங்க. இனிமே இந்தத் தெருவுல என்னை யாருங்க நம்புவாங்க?"

அவள் அழுதுவிட்டாள். சகாயமேரிக்குப் பாவமாக இருந்தது.

முட்டையா? சகாயமேரி சட்டியைப் பார்த்தாள். கோழியின் வயிற்றிலிருந்து எடுத்த மஞ்சள் கருக்கள் சின்னதும் பெரிதுமாகக் கிடந்தன. ஈரலைத் தட்டில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டு ஸ்டானிஸ்லாஸ் மாமாவிடம் ஓடினாள். அங்கே ஒரு சேவலும் ஒரு கோழியும் அறுத்திருந்தார்கள்.

"மாமா, ரெண்டும் சித்தம்மா குடுத்ததா?"

"சேவல் மட்டும்தான். கோழி நம்ம வீட்டுதுடா. நேத்துவரைக்கும் முட்டை போட்டுச்சு. விருந்தாளிங்க கூடிட்டாங்க, என்ன பண்றது?"

சேவலின் ஈரல் கருஞ்சிவப்பு. மாமா வீட்டுக் கோழியின் ஈரலோ மஞ்சள்!

"அப்போ இது சீக்கே இல்ல மாமா! முட்டை போடுற கோழிக்கு ஈரல் இப்படித்தான் இருக்கும்!"

கல்லூரியில் விலங்கியல் படிக்கும் மாமாவின் மகள் மோலி சிரித்தாள். "சரியா கண்டுபிடிச்சிட்டியே! முட்டை போடுற காலத்துல கோழியோட சூல்பை ரத்தத்துல ஒரு ஹார்மோனை அனுப்பும். 'மஞ்சள் கருவுக்குக் கொழுப்பு வேணும், செய்'னு அது ஈரலுக்குச் சொல்லும். அந்தக் கொழுப்புதான் இந்த மஞ்சள். சேவல் என்ன முட்டையா போடுது?"

மூன்று ஈரல்களையும் தட்டில் கொண்டுவந்து அப்பா முன்னால் வைத்து, சகாயமேரி எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா தலையைச் சொறிந்தார்.

"அவசரப்பட்டுட்டேன். மன்னிச்சிடு சித்தம்மா."

"மன்னிப்பு போதாதுப்பா. வீடு வீடா போய் வாங்காதீங்கன்னு சொன்னது நீங்கதானே?"

அப்பா வேட்டியை மடித்துக் கட்டினார். கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, வகுப்பில் பாடம் நடத்தும் அதே குரலில் தெருவில் கூவினார்.

"கோழி! சித்தம்மாவோட நல்ல கோழி! சீக்குன்னு சொன்னது என் தப்பு!"

வாத்தியார் கோழி விற்பதைப் பார்க்கத் தெருவே கூடிவிட்டது. சற்று நேரத்தில் கூடை காலியானது.

சித்தம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"அடுத்த வாரமும் கூடை எடுத்துட்டு வர்றேனுங்க மேஷ்ட்ரே. உங்களுக்கு ஸ்கூல் லீவுதானுங்களே?"