ஜானகி அத்தையின் முறை

மந்தைவெளியில், மாவு மில்லுக்கும் சலவைக் கடைக்கும் நடுவில் ஒரு சின்ன புத்த விகாரை இருக்கிறது. அதன் வாசலில் விகாரையைவிடப் பெரிய பேனர் ஒன்றைக் கட்டியிருந்தார்கள்.

பேனரின் நடுவில் விகாரைத் தலைவர் சுப்புராயன் கைகூப்பி நின்றார். புத்தரும் இருந்தார். மூலையில், தபால் தலை அளவில்.

"புத்தர் ஏம்பா இத்தினூண்டா கீறாரு?" என்று கேட்டாள் பொன்மணி.

"அவரு கோச்சிக்க மாட்டாரு கண்ணு. அதான்," என்றார் அவளுடைய அப்பா நெடுஞ்செழியன்.

அடுத்த பௌர்ணமியன்று அங்கே நினைவு நாள். ஒவ்வொரு குடும்பமும் மூக்கு வைத்த கெண்டியில் தண்ணீர் கொண்டுவரும். அதைக் கிண்ணத்தில் மெல்லிய தாரையாக ஊற்ற வேண்டும். நீர் விழும்போதே, இறந்துபோன தங்கள் அன்பானவரின் பெயரைச் சொல்ல வேண்டும். நாம் செய்த நல்லதில் ஒரு பங்கு அவருக்குப் போய்ச் சேரட்டும் என்று அதற்கு அர்த்தம். பெயர் சொல்லும் முன் தாரை அறுந்துவிடக் கூடாது என்பது அந்த விகாரையின் வழக்கம்.

பொன்மணியை வளர்த்தவள் அப்பாவின் அக்கா ஜானகி. பட்டினப்பாக்கத்தில் மீன் விற்றவள். போன வருடம் இறந்துபோனாள். இந்த முறை அத்தைக்காகப் பொன்மணிதான் கெண்டி பிடிக்கப் போகிறாள். பெயர் கொடுக்கத்தான் இருவரும் வந்திருந்தார்கள்.

உள்ளே மேசை போட்டு உட்கார்ந்திருந்தார் சுப்புராயன். ஓய்வுபெற்ற அதிகாரி. எந்தக் காகிதத்தைப் பார்த்தாலும் கையெழுத்துப் போடப் பேனாவைத் தேடுவார்.

"பெயர்?"

"ஜானகி."

"பட்டம்?"

"அத்தை," என்றாள் பொன்மணி.

"அது பட்டம் இல்லைம்மா. சரி, பதவி?"

"மீன் வித்தாங்க சார்," என்றார் அப்பா.

"சாதனை?"

அப்பா தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டார். பொன்மணி யோசித்துச் சொன்னாள். "பேசிக்கினே மீன் ஆய்வாங்க. ஒரு செதில்கூட வெளிய தெறிக்காது."

சுப்புராயன் பேனாவை மூடினார். "இங்க பாருங்க, இது விழா. பெரிய மனுஷங்க வர்றாங்க. பட்டம், பதவி இருக்கிறவங்க பெயரை விரிவா வாசிப்போம். மற்றவங்களுக்காகக் கடைசியில ஒரு வரி போட்டிருக்கேன்."

"இன்னா வரி சார்?"

"'மற்றும் பலர்.'"

வெளியே வந்ததும் பொன்மணி நின்றுவிட்டாள். "எங்க அத்தை பலர் இல்லப்பா. ஒருத்தர்."

"தெரியும் கண்ணு. ஆனா அவரு பெரிய ஆளு. நாம இன்னா பண்ண முடியும்?"

வீட்டுப் படியேறும்போது பொன்மணி சொன்னாள். "அந்த வரி வரும்போது நான் தண்ணிய ஊத்திக்கினே அத்தை பேரைச் சொல்லிடுவேன். எனக்கு மைக் வேணாம்."

பௌர்ணமி வந்தது. விகாரை நிரம்பி வழிந்தது. பிக்கு புத்தரின் முன்னால் அமைதியாக உட்கார்ந்திருந்தார். சுப்புராயன் மைக்கைப் பிடித்தார்.

"குடியிருப்போர் சங்க முன்னாள் துணைத் தலைவர், சதுரங்கப் போட்டியில் ஆறுதல் பரிசு வென்ற வீரர்..." என்று முதல் பெயருக்கு முன்பே ஐந்து நிமிடம் ஓடியது. கெண்டியைச் சாய்த்திருந்த அந்த வீட்டு அம்மாள், தண்ணீர் தீர்ந்துவிடுமோ என்று உள்ளே எட்டிப் பார்த்தார். அடுத்து வந்தவர்கள் தாரை அறாமல் மிக மெல்லிசாக ஊற்றப் பழகிக்கொண்டார்கள்.

பிறகு சுப்புராயன் தொண்டையைக் கனைத்தார். அடுத்த பெயர் அவருடைய அப்பாவின் பெயர். ஒரு கையில் மூன்று பக்கக் காகிதம். மறு கையில் வெள்ளிக் கெண்டி. மைக்கை ஒருவர் அவர் வாயருகே பிடித்துக்கொண்டார்.

தலைவர் அல்லவா, தாரையும் தடிமனாக விழுந்தது.

"கொடை வள்ளல், பண்பின் சிகரம், போக்குவரத்துத் துறையின் முன்னோடி..."

முதல் பக்கம் முடிந்தது. இரண்டாவது பக்கத்தின் பாதியில் தாரை நூலாக இளைத்தது. சுப்புராயன் கெண்டியைச் சாய்த்தார். இன்னும் சாய்த்தார். பெயரோ மூன்றாவது பக்கத்தின் கடைசியில் இருந்தது. வேகமாக வாசிக்கப் பார்த்து, 'பண்பின் சிகரம்' என்று மறுபடியும் சொன்னார். அவர் முகம் வெளுத்தது. இப்போது அவர் தலைவர் மாதிரி இல்லை. கூட்டத்தில் அப்பாவின் கையைத் தவறவிட்ட பையன் மாதிரி இருந்தார்.

சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பொன்மணி தன் கெண்டியைப் பார்த்தாள். அது அத்தையின் தண்ணீர். அவருடைய தாரையையும் பார்த்தாள். மூன்று நான்கு சொட்டுகள்தான் பாக்கி.

எழுந்து ஓடினாள். அவருடைய கிண்ணத்தின் மேல் தன் கெண்டியைச் சாய்த்தாள். தாரை அறுந்துபோகவில்லை.

"பேரை மட்டும் சொல்லிடுங்க சார். இதுலயும் நெறைய இல்ல."

சுப்புராயன் காகிதத்தைக் கீழே விட்டார்.

"கபாலி," என்றார். "எங்க நைனா பேரு கபாலி. ரிக்‌ஷா இஸ்தாரு. என்னை அதுலதான் ஸ்கூலுக்கு இட்டுக்கினு போவாரு."

யாரும் சிரிக்கவில்லை. பிக்கு கண்களை மூடி வணங்கினார்.

பொன்மணியின் அப்பா பின்னாலிருந்து அவள் கெண்டிக்குள் எட்டிப் பார்த்தார். "ஒரு மடக்குதான் கீது கண்ணு. போதுமா?"

"அத்தை பேரு சின்னதுதானப்பா."

சுப்புராயன் மைக்கை வாங்கி அவள் உயரத்துக்குக் குனிந்து பிடித்தார். "நீயே சொல்லும்மா."

பொன்மணி அத்தையின் கிண்ணத்தில் ஊற்றினாள்.

"ஜானகி."

கடைசிச் சொட்டு கிண்ணத்தில் விழுந்தது. அதற்குள் பெயர் சொல்லி முடிந்திருந்தது.

சுப்புராயன் மேசையிலிருந்த பெயர்ப் பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "அடுத்து யாரு? வாங்க, உங்க ஆளு பேரை நீங்களே சொல்லுங்க," என்றார். பின்வரிசையில் இருந்தவர்கள் தயங்கித் தயங்கி வந்தார்கள். ஒரு தாத்தா தன் மனைவி பெயரைச் சொல்லிவிட்டு, மைக்கில் கேட்டதா என்று சந்தேகப்பட்டு, இன்னொரு முறையும் சொன்னார். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

மதியம் எல்லோரும் தரையில் வரிசையாகச் சாப்பிட உட்கார்ந்தார்கள். தலைவருக்காக முன்னால் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அவர் அதைத் தாண்டி வந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டே பொன்மணியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உங்க அத்தை எப்படிம்மா இருப்பாங்க?" என்று கேட்டார்.

"எனக்கு ரெட்டைச் சடை பின்னுவாங்க சார். இஸ்துப் பின்னுறதுல என் புருவம் ரெண்டும் மேல ஏறிக்கும். டீச்சர் என்னைப் பார்த்து, எதுக்கு எப்பவும் ஆச்சரியமா பாக்குறேன்னு கேப்பாங்க."

சுப்புராயன் வாயில் வைத்த சோறு சிதறச் சிரித்தார். "அப்புறம்?"

சாம்பார் வந்தது, போனது. ரசம் வந்தது, போனது. பொன்மணியின் கதையில் அத்தை இன்னும் ஒரு சடையைத்தான் பின்னி முடித்திருந்தாள்.