கேரியர் இல்லாத சைக்கிள்

அன்று மாலை முற்றத்தில் இருந்தவர்கள்: எப்போதும் முதுகு வளையாமல் நிமிர்ந்தே இருப்பதால் ஊரில் அளவுகோல் என்று பெயர் வாங்கிய மூத்தவர், அவருடைய மனைவி, மணிக்கட்டில் மாவுக்கட்டோடு அவருடைய தம்பி, சைக்கிளைச் சரிசெய்து கொண்டுவந்த கடைக்காரர். வேறு யாரும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

மூத்தவர் ஏறி உட்கார்ந்தார். இருக்கைக்குக் கீழே இருந்த தடித்த ஸ்பிரிங் அவர் எடைக்குச் சற்று அமுங்கியது. அது சரி. அவர் அசையாமல் இருந்தார். பிறகு அது இன்னொரு முறை அமுங்கியது.

"என்னப்பா இது?"

"மலை சைக்கிள் சார். முன்னாடியும் பின்னாடியும் ஸ்பிரிங் இருக்கும். பழகிடும்."

"ரெண்டு தடவை அமுங்குதே."

"உங்க உடம்புக்கு ஒரு தடவை அமுங்குறதே அதிகம் சார்," என்று கடைக்காரர் சிரித்தார். மரியாதை தெரியாத சிரிப்பு.

அந்த வண்டியையே மூத்தவருக்குப் பிடிக்கவில்லை. கேரியர் இல்லை, மட்கார்டு இல்லை, மணி இல்லை, ஸ்டாண்டு கூட இல்லை. உள்ளாடையோடு தெருவுக்கு வந்தவனைப் போல ஒரு சைக்கிள். நாற்பதைத் தாண்டிய தம்பி அதை ஆசைப்பட்டு வாங்கி, தண்ணீர்த் தொட்டி மேட்டிலிருந்து இறங்கும்போது, பேக்கரி முனையில் நின்ற அத்தனை பேரும் பார்க்க வளைவில் உருண்டான். அதன்பின் அந்த வீட்டிலிருந்து யார் ரொட்டி வாங்கப் போனாலும், "பாத்துப் போங்க, விழுந்துடப் போறீங்க" என்று ஒரு குரல் வந்தது. அந்தக் குடும்பத்தில் தோற்றவர்கள் உண்டு, நோயில் படுத்தவர்கள் உண்டு. தெருவில் விழுந்தவர் கிடையாது. ஆகவே அதே சைக்கிளில், அதே சரிவில், அதே கூட்டத்துக்கு முன்னால் ஞாயிறு மாலை மூத்தவரே இறங்கிக் காட்டப்போகிறார்.

"அண்ணா, நான் விழல," என்றான் தம்பி. "குதிச்சேன்."

"ஓடுற வண்டியிலேர்ந்து எவன்டா குதிப்பான்?"

"பின்னாடி யாரோ உக்காந்திருந்தாங்கண்ணா."

"கேரியரே இல்லாத சைக்கிள்ல எங்கடா உக்காருவாங்க? உன் தலையிலயா?"

"ஒரு கட்டு போதாதா இந்த வீட்டுக்கு?" என்றாள் மனைவி. "உங்களுக்கும் மாவு கரைக்கச் சொல்லவா?"

கடைக்காரர் கிளம்பும்போது ஒன்று சொன்னார். "இறக்கத்துல சீட்டை விட்டு எழுந்து, நல்லா பின்னால தள்ளிக்கணும் சார். நிமிர்ந்து உக்காந்தா வண்டி முன்னால கவுத்துடும்."

"பின்புறத்தைத் தூக்கிக்கிட்டு ஊர் நடுவுல வரச் சொல்றியா?"

பயிற்சி தொடங்கியது. அகலமான கைப்பிடி முதலில் முரண்டு பிடித்தது; பார்வை போன பக்கமெல்லாம் சக்கரம் போனது. ஒற்றை விரல் பட்டாலே பிரேக் கவ்வியது. அதெல்லாம் கைக்கு வந்துவிட்டது. பின்பக்கம்தான் வரவில்லை. இடப்பக்கம் திரும்பினால், சைக்கிளில் ஏறிப் பழக்கமில்லாத ஒருவர் பின்னால் இருப்பதைப் போல, அங்கே ஏதோ ஒரு பாரம் கொஞ்சம் தாமதித்துச் சாய்ந்தது. இறங்கிச் சுவரில் சாய்த்து வைத்த பிறகும் ஸ்பிரிங் பாதிதான் எழும்பியது. வீட்டுக்குள் நடக்கையில் பின்சக்கரம் கிட்டுக் கிட்டென்று மெல்லச் சுற்றும் ஒலி முதுகில் கேட்டது. அவர் திரும்பவில்லை. பின்னாலிருந்து எது கூப்பிட்டாலும் திரும்பும் வழக்கம் அந்த வீட்டு ஆண்களுக்கு இல்லை. வேண்டியவர்கள் முன்னால் வந்து பேசட்டும்.

ஞாயிறு மாலை அவர் சைக்கிளை மேட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனபோது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. தொட்டிச் சுவரின் பாசி நாற்றமும் புது ரப்பரின் நெடியும் ஒன்றாக மூக்கில் ஏற, கீழே பேக்கரி விளக்கில் கூட்டம் எறும்புகளாக அசைய, வெறும் சைக்கிளைத் தள்ளுவதற்கு இத்தனை மூச்சு வாங்குவானேன் என்று அவர் தன் வயதின் மேல் பழியைப் போட்டார். ஏறினார். அமுங்கியது. காத்திருந்தார். அமுங்கியது.

பிரேக்கை விட்டார்.

டயரின் இரைச்சல் எழுந்தது. நிமிர்ந்தே இறங்கினார். முதல் பள்ளத்தில் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பியது. கைப்பிடி வயிற்றை நோக்கி வந்தது. இன்னொரு பள்ளம் வந்தால் தலைகுப்புறத்தான். வேறு வழியில்லை. சீட்டை விட்டு எழுந்தார். இடுப்பைப் பின்னால் தள்ளினார்.

முதுகு எதன் மேலோ பட்டது.

ஈரம். பல நாள் மூடிக் கிடந்த அறையின் வாடை. அது விலகவில்லை. கொஞ்சம் நகர்ந்து, அவருக்கு இடம் கொடுத்தது. இடுப்பின் இரு பக்கமும் இரண்டு முழங்கால்கள்.

வளைவு வந்தது. தம்பி குதித்த இடம். புல் இன்னும் நசுங்கியே கிடந்தது. தம்பி ஏன் குதித்தான் என்று அவருக்கு அப்போது புரிந்தது. கைப்பிடியை விட்டால் போதும். விழலாம். விழுந்தால் இது சைக்கிளோடு நின்றுவிடும், தன்னோடு வராது.

"வர்றார்டா அளவுகோல்!" என்று கீழே ஒருவன் கத்தினான். சிரிப்பு. தூக்கிப் பிடித்த போன்கள்.

அவர் சீட்டில் உட்கார்ந்து முதுகை நிமிர்த்தினார். பின்னால் அதுவும் நிமிர்ந்தது. இரண்டு கைகள் இடுப்பைச் சுற்றி வந்தன. வயிற்றின் மேல் விரல்கள் கோத்துக்கொண்டன. அவர் கீழே பார்க்கவில்லை.

பேக்கரி முனையில் சிரிப்பு நின்றது. கூட்டம் தேவைக்கு மேலேயே விலகி வழிவிட்டது.

"சார், உங்க பின்னாடி..." என்று தொடங்கிய பேக்கரிக்காரர் மிச்சத்தை விழுங்கிவிட்டார்.

மூத்தவர் திரும்பவில்லை.

இப்போது சைக்கிள் முற்றத்துச் சுவரில் சாய்ந்திருக்கிறது. அன்று இரவே தம்பி நல்ல கையால் பின் ஸ்பிரிங்கை அழுத்திப் பார்த்தான். உடனே துள்ளி எழுந்தது. அதில் எந்தப் பாரமும் இல்லை. அவன் மெதுவாகத் தலையைத் தூக்கிக் கூடத்தைப் பார்த்தான்.

கூடத்தில் மூத்தவர் சோபாவில் உட்கார்ந்தார். நிமிர்ந்துதான். தன் முதுகுக்கும் சாய்மானத்துக்கும் நடுவே ஓர் ஆள் அளவு இடம் விட்டிருந்தார். மெத்தை அமுங்கியது. தண்ணீர் டம்ளரை நீட்டிய மனைவியின் கை நடுவழியில் நின்றது.

மெத்தை இன்னொரு முறை அமுங்கியது.

பேக்கரி முனையில் பார்த்தவர்கள் பார்த்ததைச் சொல்ல விரும்பாததால், மூத்தவரும் வளைவில் விழுந்தார் என்று ஊரில் இப்போது ஒரு பேச்சு இருக்கிறது. அது பொய். அவர் விழவில்லை.