யமீனாவின் கடைசிப் பதிவு

அழித்த பெயர் மறுபடியும் திரையில் இருந்தது.

செதீஃப் நகரில் கடுங்குளிர். நோன்பு திறக்கும் நேரம் நெருங்கியிருந்தது. அலுவலகத்தில் ஜுபைரைத் தவிர யாருமில்லை. தெருவில் கடைகளின் ஷட்டர்கள் இறங்கும் சத்தமும், எந்த வீட்டிலிருந்தோ ஷோர்பா சூப் கொதிக்கும் வாசமும், முதுகுக்குப் பின்னால் காஸ் ஹீட்டரின் மெல்லிய சீறலும்தான் துணை.

விஷவாயு பரவினால் அலறும் கருவி செய்கிற நிறுவனம் அது. கருவியை இயக்கும் கணினி நிரலில் யார், எப்போது, எதை மாற்றினாலும் பதிவாகும். கடுங்குளிரில் கருவி அலறாது என்று அவனோடு வேலை செய்த யமீனா திரும்பத் திரும்ப எழுதித் திருத்தமும் போட்டிருந்தாள். ஜுபைர் அதை நீக்கிவிட்டு, ‘கருவி நன்றாக வேலை செய்கிறது’ என்று பதிந்தான். அந்தக் குளிர்காலத்திலேயே அவள் தன் வீட்டுக் குளியலறையில் விஷவாயுவால் செத்துக் கிடந்தாள். சுவரில் கருவி பச்சை விளக்கோடு சும்மா இருந்தது.

கிளம்பும்போது முதலாளி அவன் தோளில் கை வைத்தார். “ராத்திரி தராவீஹ் தொழுகை முடிஞ்சதும் விசாரணைக்காரங்க வர்றாங்க, தம்பி. அவ பேரு ஒரு இடத்துலகூட இருக்கக் கூடாது. இருந்தா உள்ள போறது நீதான்.”

பழைய முறையில் ஒவ்வொரு பதிப்பையும் விரித்துத் திருத்தி மூடுவதற்குள் விடிந்துவிடும். ஜுபைரா கொக்கா? எதையும் விரிக்காமல் பதிவுகளை மட்டும் ஓடவிட்டு, ஓட்டத்திலேயே அவளை உருவி எறியும் நிரலை எழுதினான். மூலப் பதிவுகளையும் மிச்சமில்லாமல் துடைத்தான். சில நொடிகளில் மொத்த வரலாறும் மாறியது. அவனுக்கே பெருமையாக இருந்தது.

ஆனால் கடைசியில் ஒரு பதிவு. யமீனா. இன்று மதியம். ‘படியேறி வந்தேன்.’

பழைய நகல் வைத்திருந்த எவனோ திரும்ப ஏற்றிவிட்டான் என்று திட்டிக்கொண்டே மறுபடி ஓட்டினான்.

யமீனா. சற்று முன். ‘ஜன்னலைச் சாத்தினேன்.’

திரும்பிப் பார்த்தான். ஹீட்டருக்காக அவன் லேசாகத் திறந்து வைத்திருந்த ஜன்னல் சாத்தியிருந்தது.

இன்னொரு முறை ஓட்டினான்.

யமீனா. இப்போது. ‘ஹீட்டரின் புகைக்குழாயை அடைத்தேன்.’

தலை கனத்தது. எழப் பார்த்தான். கால்கள் வரவில்லை. சுவரில் அதே கருவி. பச்சை விளக்கு. அதை அலற வைக்கக்கூடிய ஒரே திருத்தத்தை அவனே துடைத்திருந்தான்.

போன் அடித்தது. மனைவி. “எங்க இருக்கீங்க? பாங்கு சொல்லப் போறாங்க.”

வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை.

மேசை மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். பக்கத்து நாற்காலியில் ஈரக் கூந்தல். வெளுத்த விரல்கள் நிதானமாகத் தட்டிக்கொண்டிருந்தன.

நோன்பு திறக்கும் பீரங்கி வெடித்தது. திரையில் கடைசி வரி வந்து நின்றது.

யமீனா. ‘கருவி நன்றாக வேலை செய்கிறது.’