புண்சாலை முடிச்சு

ஐப்பசி மாதத்து முழுமதி அன்று சற்று அவசரமாகவே எழுந்துவிட்டது. மேற்கே ஆதவன் தன் செம்பட்டு மேலாடையை இன்னும் முழுதும் சுருட்டிக்கொள்ளவில்லை. அதற்குள் கிழக்கே மருத மரங்களின் உச்சியில் நிலவு வந்து நின்றுகொண்டு, புதுவெள்ளம் சுழித்தோடிய தென்பெண்ணையாற்றின் ஒரு பாதியைப் பொன்னாகவும் மறு பாதியை வெள்ளியாகவும் ஆக்கிக்கொண்டிருந்தது. தென்கரையில் ஆவிரங்கோட்டையின் நெடுமதில் கறுத்து நீண்டு கிடந்தது. வடகரையில் குன்றநாட்டு நாணற்காடு காற்றில் அசைந்தது. நடுவில் அகண்ட நீர்ப்பரப்பு, யாருடைய நாடு என்று கேட்டால் பதில் சொல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

இவ்வளவு அழகான அந்தியில், ஓடத்துறையில் நின்ற ஒரு மனிதன் ஆற்றையும் பார்க்காமல் நிலவையும் பார்க்காமல், ஓடம் ஏற வந்தவர்களின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்பு வாசகர்களே, அவனை ரசனையற்றவன் என்று தள்ளிவிட வேண்டாம். பூதன் காரி என்ற அந்தத் துறைக்காவல் தலைவன் ஒரு காலத்தில் நிலவைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவன்தான். ஆனால் நாற்பது வயதைத் தாண்டி, இருபத்திரண்டு ஆண்டுகளைப் படையில் கழித்த பிறகு ஒருவனுக்குச் சில பழக்கங்கள் ஒட்டிக்கொண்டு விடுகின்றன. காரி இன்றும் செருப்பைத் தலைக்கு வைத்துத்தான் படுப்பான். விருந்திலும் சுவரை முதுகுக்குக் கொடுத்துத்தான் உட்காருவான். நெடுவழி நடந்த படைவீரனின் கால் எப்படி ஊன்றும் என்பது அவனுக்குத் தெரியும். வேஷத்தால் முகத்தை மாற்றலாம், நடையை மாற்றுவது அத்தனை எளிதன்று.

அன்று அந்தக் கண்களுக்கு வேலை இருந்தது. காலையில் கோட்டைத் தலைவர் மழவரையர் அவனை அழைத்து, "காரி, குன்றநாட்டு ஒற்றன் ஒருவன் மூன்று நாட்களாக நம் கோட்டைக்குள் உலவியிருக்கிறான். மேலை மதகருகே புதிய காலடிகளைக் கண்டார்கள். அவன் அறிந்த செய்தி அக்கரை சேர்ந்தால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும்" என்றார்.

காரிக்குத் தெரியும். மேலை மதகின் பின்சுவர் சென்ற வெள்ளத்தில் இடிந்து, பச்சை மண்ணால் அவசரமாக எழுப்பப்பட்டது. நான்கு யானைகள் முட்டினால் நிற்காது. உள்ளே மூவாயிரம் குடிகள் இருந்தார்கள்.

"குன்றநாட்டாரோடு ஒரு பானைச் சோறு உண்டவர்களில் நம் துறைக்காவலில் எஞ்சியிருப்பவன் நீதான். அவர்கள் பேச்சும் வழக்கமும் உனக்குத்தான் அத்துப்படி. இன்று துறையில் நீ நிற்க வேண்டும்" என்று முடித்தார் மழவரையர்.

காரி வாளை உருவி நெற்றியில் வைத்துக்கொண்டு, "ஒற்றன் யாராயினும் பிடித்துத் தருவேன். கோட்டையின் மர்மம் இத்துறையைத் தாண்டாது. இது ஆணை" என்று சொல்லிவிட்டு வந்தான். சொன்னபோது அவன் மனத்தில் ஒரு சலனமும் இல்லை. ஒற்றன் என்றால் ஒற்றன்.

இப்போது கடைசி ஓடம் புறப்படும் நேரம். ஏற வேண்டியவள் ஒருத்திதான் பாக்கி. நரை கலந்த தலையை முக்காட்டால் மூடிய, சற்றுக் கூன் விழுந்த ஒரு பூக்காரி. இடுப்பில் தாழம்பூக் கூடை. காவலர் இருவர் கூடையைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். காவற்பெண்டு ஒருத்தி அவளைக் கொட்டகைக்குள் அழைத்துச் சென்று முக்காட்டையும் சேலை மடிப்பையும் உதறிப் பார்த்துவிட்டு, கையை விரித்துக் காட்டினாள். ஒன்றுமில்லை.

"அம்மணி எந்த ஊர்?" என்றான் காரி.

"அக்கரைக் கொற்றவை கோயிலுக்குப் பூக் கொண்டுபோகிறவள், ஐயா. பூ விற்கிறவளுக்கு எல்லா ஊரும் ஊர்தான்" என்று கரகரத்த குரலில் சொன்னாள் அவள்.

அந்த நேரத்தில் ஓடக்காரன் தொண்டன், கரையில் நட்ட தறிக்கட்டையில் கட்டிய கயிற்றை அரிவாளால் வெட்டப் போனவன், தன் இடக்கை மணிக்கட்டுக்கு மேலே நீளமாக அறுத்துக்கொண்டான். இரத்தம் குபுகுபுவென்று வந்தது. காவலர்கள் தண்ணீர் கொண்டுவருவதற்குள் பூக்காரி கூடையை இறக்கி வைத்துவிட்டு அவன் அருகில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையில் ஒரு கீற்றைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். துணியை இரண்டு சுற்றுச் சுற்றி, முனையை உள்பக்கமாக மூன்று மடிப்பு மடித்து, கட்டை விரலால் அடியில் செருகினாள். இமைக்கும் நேரத்தில் காரியம் முடிந்துவிட்டது.

காரியின் பார்வை கால்களை விட்டு அந்தக் கட்டின்மேல் போய் நின்றது.

ஊர் வைத்தியர்கள் கட்டும் கட்டை வாசகர்கள் பார்த்திருப்பீர்கள். முடிச்சு மேலே இருக்கும், அவிழ்க்க இரண்டு கையும் வேண்டும். இது அந்தக் கட்டு அல்ல. இந்த முடிச்சை உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் போட்டார்கள். அதுவும் ஏழே மாதங்கள்தான் போட்டார்கள்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஆவிரநாடும் குன்றநாடும் அண்ணன் தம்பிகளாக இருந்த காலம் அது. கடற்கரையில் மணற்குன்று என்னும் கொள்ளையர் கோட்டையை இரு நாட்டுப் படைகளும் சேர்ந்து முற்றுகையிட்டன. எட்டுப் பேருக்கு ஒரு பானை என்பது படையின் கணக்கு. காரியின் பானையில் நால்வர் தென்கரையார், நால்வர் வடகரையார். அடாத மழை. வில்லின் நாண் நனைந்து துவண்டுவிடும் என்று நாணைக் கழற்றி முடிக்குள் செருகி வைத்துக்கொள்வார்கள். ஈர விறகில் சோறு பாதி வேகும். அந்தப் பாதி வெந்த சோற்றுக்கு எட்டுக் கைகள் சண்டை போடும். குன்றநாட்டு வேங்கன் என்பவன் சோற்றில் புளிநீரை ஊற்றிக்கொண்டு, தன் மாமியார் வீட்டு விருந்தையே மணிக்கணக்கில் வருணிப்பான். எல்லாரும் அவனை ஏசுவார்கள். அவன் ஒருநாள் நிறுத்திவிட்டால், "என்ன வேங்கா, இன்று மாமியார் வீட்டில் அடுப்பு மூட்டவில்லையா?" என்று அவர்களே கேட்பார்கள். வேங்கன் ஐந்தாம் மாதம் அம்பு பட்டு விழுந்தான். அதற்குப் பிறகு புளிநீரை யாரும் தொடவில்லை.

அந்தக் காலம் துன்பமான காலம்தான். ஆனாலும் காரியைக் கேட்டால், தன் வாழ்நாளில் வாழ்ந்தது அந்த ஏழு மாதங்கள்தான் என்று தயங்காமல் சொல்லுவான்.

ஆறாம் மாதம் ஈட்டி ஒன்று அவன் வலத்தோளைக் கிழித்தது. அவனைப் புண்சாலைக்குத் தூக்கிப் போனார்கள். காயம்பட்டோரைக் கிடத்தும் கூடாரத்துக்குப் படையில் அதுதான் பெயர். நூறு பேருக்கு நான்கு மருத்துவப் பெண்கள். காற்றும் மழையும் விளக்கைத் தரையில் நிற்க விடாததால், ஒரு கையில் விளக்கை ஏந்திக்கொண்டு மறு கையால் மட்டுமே கட்டை அவிழ்த்துப் பார்க்க வேண்டியிருந்தது. அதற்காக அவர்களே கண்டுபிடித்த முடிச்சு இது. உள்ளே செருகிய முனையைக் கட்டை விரலால் ஒரு தட்டுத் தட்டினால் போதும், கட்டு விரிந்துவிடும்.

அந்த நால்வரில் ஒருத்தி குன்றநாட்டுத் தத்தை. முனகுகிறவர்களை அதட்டுவாள். முனகாதவர்களின் அருகில் அதிக நேரம் உட்காருவாள். காரி முனகவில்லை. புண்சாலையில் இன்னொரு வழக்கமும் உண்டு. எவனாவது ஆபத்தைத் தாண்டிவிட்டால், அன்று அந்தியில் வாசலில் நட்ட கம்பத்தில் ஒரு விளக்கை ஏற்றுவார்கள். முற்றுகைப் பள்ளத்தில் கிடக்கும் தோழர்கள் அதைப் பார்த்து, 'நம்மவன் பிழைத்தான்' என்று மூச்சு விடுவார்கள். காரிக்காக விளக்கை ஏற்றியவள் தத்தைதான். ஏற்றிவிட்டுத் திரும்பியவள், இத்தனை நாள் அதட்டியதெல்லாம் மறந்துபோய், அவன் முன்னாலேயே அழுதுவிட்டாள்.

"வருகிற தை மாதம் உன் ஊர்த்துறைக்கு வருவேன். உன் தந்தையாரிடம் கேட்பேன்" என்றான் அவன்.

தை மாதம் வந்தது. அதற்குள் மன்னர்களுக்குள் மனக்கசப்பும் வந்தது. காரியின் படைக்கு எல்லைக் காவல் ஆணை பிறந்தது. அவன் ஆணைக்கு அடங்கினான். ஒரு மாதம், ஒரு வருடம் என்று தள்ளிப்போட்டுப் பன்னிரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. அதை நினைக்கும்போதெல்லாம் அவனுக்குத் தன்மீதே வெறுப்பு வந்தது.

இப்போது அவன் பூக்காரியின் விரல்களைப் பார்த்தான். முகத்தில் கரி பூசலாம், தலையில் சாம்பல் தூவலாம், முதுகை வளைக்கலாம். விரல்களுக்கு வேஷம் போட அவளுக்குத் தோன்றவில்லை. புண்ணைக் கண்டதும் அவை தாமாகவே பழைய வேலையைச் செய்துவிட்டன.

அடுத்த கணம் அவனுள் இருந்த காவலன் விழித்துக்கொண்டான். இருபது வருடம் கயிறு பிடித்த தொண்டன் கையை அறுத்துக்கொள்ளுகிற ஆளா? கூடையைச் சோதித்தார்கள், சேலையைச் சோதித்தார்கள். அடுத்துச் சோதிப்பது ஓடக்காரனின் மடியைத்தான். ஆனால் இரத்தம் கசியும் கட்டை யார் அவிழ்த்துப் பார்ப்பார்கள்?

"தொண்டா, இப்படி வா. கட்டின்மேல் கொஞ்சம் மஞ்சள் எண்ணெய் விட்டு அனுப்புகிறேன்" என்று அவனைக் காவற்கொட்டகைக்குள் அழைத்துப்போனான் காரி. பூக்காரி எழுந்து நின்றாள்.

கொட்டகைக்குள் காரி கட்டை விரலால் ஒரு தட்டுத் தட்டினான். கட்டு விரிந்தது. இரண்டாம் சுற்றுக்கு அடியில் விரலகல ஓலை நறுக்கு ஒன்று இருந்தது. மேலை மதகும் பச்சை மண் சுவரும் அதில் கூரிய கோடுகளாகக் கீறப்பட்டிருந்தன.

தொண்டன் அவன் காலில் விழுந்தான். "தலைவரே, என்னைக் கழுவேற்றுங்கள். அந்த அம்மாள் பாவம்..."

"பேசாதே" என்றான் காரி.

வெளியே குரல் கொடுத்தால் போதும். தத்தையின் தலை காலையில் கோட்டை வாசலில் உருளும். குரல் கொடுக்காவிட்டால் வாளின்மேல் செய்த ஆணை பொய்யாகும். இருபத்திரண்டு ஆண்டுகளில் காரி ஓர் ஆணையைக்கூட மீறியதில்லை. அதனால் அவனுக்குக் கிடைத்த பெயர் பெரிது. அதனால் அவன் இழந்தது என்ன என்பது வெளியே கூடையருகில் நின்றுகொண்டிருந்தது.

அவன் ஓலையை இடைக்கச்சையில் செருகிக்கொண்டான். பிறகு வாளுறையின் அடியிலிருந்து, பன்னிரண்டு ஆண்டுகளாக மடித்து வைத்திருந்த ஒரு பழைய துணிக்கீற்றை எடுத்தான். ஒரு காலத்தில் அவன் தோளைச் சுற்றியிருந்த கீற்று அது. அதை ஓலை இருந்த இடத்தில் வைத்துச் சுற்றி, முனையை மூன்று மடிப்பு மடித்துச் செருகினான். விளக்கில்லாத இரவுகளில் அந்த முடிச்சைப் போட அவனுக்கும் கற்றுக்கொடுத்திருந்தாள் அவள்.

"அக்கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்க்கச் சொல். அதற்கு முன் ஒரு வார்த்தை பேசாதே. இனி இந்தத் துறையில் உன் ஓடம் ஒதுங்கக் கூடாது."

வெளியே வந்ததும் கூடையைத் தானே தூக்கி ஓடத்தில் வைத்தான். காவலர்கள் எட்டி நின்றார்கள். தாழ்ந்த குரலில், "அம்மணி, மணற்குன்றுப் போரில் ஒருத்தி எனக்கும் இப்படித்தான் கட்டினாள்" என்றான்.

பூக்காரி தலை நிமிரவில்லை. ஆனால் அவள் பேசியபோது கரகரப்பு போய்விட்டிருந்தது. "அந்தத் தை மாதம் முழுவதும் அவள் துறையில் நின்றாள் என்று கேள்வி."

"அந்தத் தை மாதம் எனக்கு ஆணை வந்தது."

"இன்றைக்கும் வந்திருக்குமே. பிறகு ஏன் காவலரைக் கூப்பிடாமல் நிற்கிறீர்கள்?"

"அன்று ஆணையை முழுதும் காத்து உன்னை இழந்தேன், தத்தை. இன்று பாதியைக் காத்தேன், பாதியை முறித்தேன். எது எந்தப் பாதி என்று அக்கரையில் தெரிந்துகொள்வாய். தெரிந்தபின் என்னை வெறுத்தாலும் எனக்குச் சம்மதம்."

ஓடம் நகர்ந்தது. அவள் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். கூன் எங்கோ போய்விட்டது. நிலவு அந்த முகத்தில் பூசியிருந்த கரியைப் பொருட்படுத்தவில்லை.

ஓடம் நாணற்காட்டுக்குள் மறைந்த பிறகும் காரி துறையிலேயே நின்றான். தன் நாட்டுக்கு வெறுங்கையோடு திரும்பும்படி அவளை ஏமாற்றி அனுப்பியவன் அவன்தானே? அக்கரை இருண்டே கிடந்தது. மேற்குச் செம்மையும் வடிந்து போயிற்று. போகட்டும், உயிரோடு இருக்கிறாள், அது போதும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு கோட்டைப் பக்கம் திரும்பினான்.

"தலைவரே, அது என்ன வெளிச்சம்?" என்றான் காவலரில் ஒருவன்.

வடகரையில், நாணலுக்கு மேலே, ஒரு கம்பத்தின் உச்சியில், சிறு விளக்கு ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. ஏறி, அசையாமல் நின்றது.

காரி மறுபடியும் ஆற்றுப் பக்கம் திரும்பினான். "யாரோ பிழைத்துவிட்டார்கள்" என்று மட்டும் சொன்னான்.

மழவரையர் மதில்மேல் நின்றிருந்தார். காரி அவர் முன் மண்டியிட்டு, ஓலையையும் வாளையும் காலடியில் வைத்தான். "செய்தி அக்கரை சேரவில்லை. கொண்டுபோனவரை நானே அனுப்பிவிட்டேன். தண்டனைக்கு வந்திருக்கிறேன்."

மழவரையர் ஓலையை நிலவில் பார்த்தார். பிறகு வடகரையில் எரிந்த விளக்கைப் பார்த்தார். அவர் இடக்கால் சற்று விந்தும். அது மணற்குன்றில் பெற்ற புண்.

"எனக்கும் ஒருநாள் அந்த விளக்கை ஏற்றினார்கள், காரி" என்றார். "மதகுச் சுவரைக் கல்லால் கட்டி முடிக்கும்வரை நீ அங்கே மண் சுமப்பாய். வாளைத் தொடமாட்டாய். அதுதான் தண்டனை. பகை தீர்ந்து நம் படையாருக்கும் துறை திறந்தால் என்ன செய்வதாக உத்தேசம்?"

வாள் இல்லாததால் காரி வெறும் உள்ளங்கையை நெற்றியில் வைத்துக்கொண்டான்.

"முதல் ஓடத்தில் ஏறுவேன், தலைவரே. அன்று எந்த ஆணை வந்தாலும் சரி. இது ஆணை."

அக்கரையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.